கண் நீர் அழுத்த மாத்திரை: அளவோடு சாப்பிடுங்கள், கண்ணைக் காப்பாற்றுங்கள்



இளையாத்தங்குடியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பல வீடுகளில் வயதான இருவர் மட்டும் இருக்கிறார்கள். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். வீடு பெரியது, ஆள் இரண்டே பேர். அந்த வீட்டு அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். அதற்குள் பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, வாயு மாத்திரை, போன வருஷம் மிஞ்சிப்போனது, பக்கத்து வீட்டில் கொடுத்தது என்று எல்லாம் கலந்து கிடக்கும்.

அந்த டப்பாவில் இருக்கக்கூடிய ஒரு மாத்திரையைப் பற்றியது இப்பிரசுரம். அதன் பெயர் அசிட்டசோலமைடு. கடையில் டயமாக்ஸ் என்ற பெயரில் கிடைக்கும், வேறு பெயர்களிலும் வரும். கண் நீர் அழுத்த நோய்க்கு, அதாவது கிளாக்கோமாவுக்கு, வாய்வழியாகக் கொடுக்கப்படும் மாத்திரை இது. நல்ல மாத்திரைதான். ஆபத்துச் சமயத்தில் பார்வையைக் காப்பாற்றும். ஆனால் அளவு மீறினாலும், சொன்ன காலத்துக்கு மேல் நீட்டினாலும் ஆளையே சாய்த்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வீட்டில் உள்ள பிள்ளைகள் இதைப் படித்துச் சொல்லுங்கள்.

எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது

கீழே சொல்வது எவரையும் குறிப்பிட்டு எழுதியதல்ல. எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது.

அறுபது வயது தாண்டிய ஓர் ஆச்சி. வெள்ளிக்கிழமை அந்தி நேரம், வளவில் விளக்கேற்றுகிறார். விளக்கைச் சுற்றி வானவில் மாதிரி வளையம் தெரிகிறது. கொஞ்ச நேரத்தில் ஒரு பக்கத் தலை பிளக்கிறது. கண் சிவந்து, பார்வை மங்கி, வாந்தியும் வந்துவிட்டது. “பித்தம் ஏறிடுச்சு” என்று சுக்குக் காப்பி வைத்துக் கொடுக்கிறார்கள். இரவெல்லாம் தூக்கமில்லை. மறுநாள் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறார்கள். டாக்டர் பார்த்தவுடனே கண்ணில் அழுத்தம் மிக அதிகம் என்று கண்டுபிடித்து, சொட்டு மருந்தும் இந்த மாத்திரையும் கொடுக்கிறார். “ஒரு வேளைக்கு ஒண்ணு, நாளைக்கு மூணு வேளை. மூணு நாள் கழிச்சுக் கட்டாயம் வரணும். லேசர் வைக்கணும்” என்று சொல்லி அனுப்புகிறார்.

வலி போய்விட்டது. வலி போனதும் அவசரமும் போய்விட்டது. மகனுக்கு லீவு முடிந்தது. வீட்டில் ஒரு விசேஷம் வந்தது. “அதான் சரியாப் போச்சே, இனி எதுக்கு லேசர்?” என்று ஆச்சி போகவில்லை. ஆனால் மாத்திரை அட்டையைக் காட்டி மேலும் வாங்கிக்கொண்டார். கொஞ்சம் தலை கனத்தால் ஒன்று கூடப் போட்டுக்கொண்டார். மூன்று நான்காகி, ஐந்து ஆறு என்று போயிற்று. பிரஷருக்கு நீர் பிரிய வைக்கும் மாத்திரை ஒன்றும் கூடவே ஓடிக்கொண்டிருந்தது.

சில வாரங்களில் கை கால் மரத்தது. சாப்பாடு பிடிக்கவில்லை. எந்நேரமும் தூக்கம். பிறகு எழுந்து நிற்க முடியவில்லை, மூச்சு வேகமாக வாங்கியது, பேச்சு தடுமாறியது. “வயசாச்சுல்ல” என்றார்கள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோதுதான் பொட்டாசியம் குறைந்திருப்பதும், ரத்தத்தில் அமிலம் ஏறியிருப்பதும், சிறுநீரகம் திணறுவதும் தெரிந்தன.

சிகிச்சையில் உடம்பு தேறியது. ஆனால் அந்தச் சில வாரங்களில், வலி தெரியாமலே, கண்ணுக்குள் அழுத்தம் தன் வேலையைச் செய்திருந்தது. பக்கவாட்டுப் பார்வை போயிருந்தது. அது திரும்பவில்லை.

இங்கே இரண்டு தவறுகள் நடந்தன. ஒன்று, அளவை மீறியது. இரண்டு, லேசருக்குப் போகாமல் மாத்திரையிலேயே காலம் தள்ளியது. இரண்டையும் தவிர்க்க முடியும்.

கண்ணுக்குள் ஓர் ஊருணி

நம் ஊருணிக்கு வரத்துக்கால் ஒன்று, மிஞ்சின நீர் போக வழி ஒன்று. வருவதும் போவதும் சரியாக இருந்தால் நீர் மட்டம் நிலையாக நிற்கும். போகிற வழி அடைபட்டால் நீர் ஏறி, கரையை இடிக்கும்.

கண்ணுக்குள்ளும் ஒரு தெளிந்த நீர் ஓயாமல் சுரக்கிறது. இது அழும்போது வருகிற கண்ணீர் அல்ல, உள்ளுக்குள்ளேயே ஊறி உள்ளுக்குள்ளேயே வடிகிற நீர். வடிகால் கண்ணின் முன்பக்க ஓரத்தில் ஒரு மூலையில் இருக்கிறது. வடிகால் சரியாக இருந்தால் கண்ணின் அழுத்தம் பெரும்பாலோருக்கு 10 முதல் 21 மில்லி மீட்டர் பாதரச அளவுக்குள் இருக்கும். அழுத்தம் ஏறினால் கண்ணின் பின்னாலுள்ள பார்வை நரம்பு நசுங்குகிறது. நசுங்கிய நரம்பு மீண்டும் தளிர்ப்பதில்லை. கண்புரையில் போன பார்வை ஆபரேஷனில் திரும்பும். இந்த நோயில் போன பார்வை திரும்பாது.

இந்நோயில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. முதல் வகையில் வடிகால் திறந்தே இருக்கும், ஆனால் தூர்ந்து போயிருக்கும். வலி இருக்காது. பார்வை ஓரத்திலிருந்து திருடு போவது போல மெல்லப் போகும். இரண்டாவது வகையில் வடிகால் மூலையே மூடிக்கொள்ளும். திடீரென மூடினால்தான் ஆச்சிக்கு வந்தது போல வலியும் வாந்தியும் வரும். வெளிச்சம் குறைந்த இடத்தில் கண்ணின் பாப்பா விரிகிறது. அப்போது குறுகிய மூலை இன்னும் நெருக்கப்படும். அதனால்தான் இது பல பேருக்கு அந்தி நேரத்தில் வருகிறது. பெண்களுக்கு, அதிலும் நடுவயது தாண்டியவர்களுக்கு, இந்த வகை கூடுதல்.

நோய் அரிதானதென்று எண்ண வேண்டாம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினர் மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் 40 வயதும் அதற்கு மேலும் ஆன 5,150 பேரைப் பரிசோதித்து, 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 2.6 பேருக்கு இந்நோய் இருந்தது. அதாவது நாற்பது வயது தாண்டிய நாற்பது பேர் ஒரு பந்தியில் உட்கார்ந்தால், அதில் ஒருவருக்கு இருக்கலாம். அவருக்கே அது தெரியாமலும் இருக்கலாம்.

மாத்திரை என்ன செய்கிறது?

அசிட்டசோலமைடு வடிகாலைத் திறப்பதில்லை. வரத்தைக் குறைக்கிறது. கண்ணுக்குள் நீர் சுரக்க கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி வேண்டும். இந்த மாத்திரை அந்த நொதியைக் கட்டிப்போடுகிறது. சாப்பிட்டு ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் அழுத்தம் இறங்கத் தொடங்கும். இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் முழு வேகம். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் வேகம் அடங்கிவிடும். அதனால்தான் பிரித்துப் பிரித்துச் சாப்பிடச் சொல்கிறார்கள்.

1954-ல் அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரில் பெர்னார்ட் பெக்கர் என்ற கண் டாக்டர் இம்மருந்து மனிதரின் கண் அழுத்தத்தைக் குறைப்பதைக் காட்டினார். நீர் பிரிவதற்காக வந்த மருந்து அன்றிலிருந்து கண்ணுக்கும் மருந்தாயிற்று. இன்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இது இருக்கிறது. பின்னாளில் நல்ல சொட்டு மருந்துகள் பல வந்துவிட்டதால், இன்று பெரும்பாலும் அவசரத்துக்கும், லேசர் அல்லது ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் சில நாட்களுக்கும், சொட்டு மருந்து போதாதவர்களுக்கும்தான் இதைக் கொடுக்கிறார்கள்.

ஒரே வார்த்தையில் சொன்னால், இந்த மாத்திரை வழிப்போக்கர் சத்திரம். ஒரு ராத்திரி தங்கலாம். குடியிருக்க முடியாது.

அளவு என்ன? எல்லை எது?

நம் பக்கம் சாதாரணமாகக் கிடைப்பது 250 மில்லி கிராம் மாத்திரை. அதை வைத்துக் கணக்குச் சொல்கிறோம்.

1. பெரியவர்களுக்கு 24 மணி நேரத்துக்கு 250 முதல் 1000 மில்லி கிராம் வரை, அதாவது ஒன்று முதல் நான்கு மாத்திரை வரை, டாக்டர் எழுதுவது வழக்கம். ஒன்றுக்கு மேல் எழுதினால் வேளைக்கு வேளை பிரித்துத்தான் சாப்பிட வேண்டும்.

2. 1000 மில்லி கிராம், அதாவது ஒரு கிராம் என்பது வழக்கமான மேல் எல்லை. நான்கு கால் சேர்ந்தால் ஒன்று என்பது போல, நான்கு மாத்திரை சேர்ந்தால் ஒரு கிராம். வீட்டில் இருப்பவர் இதைத் தாண்டவே கூடாது.

3. நான்கு என்பது எல்லாருக்கும் உரிய அளவு அல்ல. உங்கள் சீட்டில் இரண்டு என்று எழுதியிருந்தால் உங்கள் எல்லை இரண்டுதான். அரை என்று எழுதியிருந்தால் அரைதான். வயதானவர்களுக்கும் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் டாக்டர் குறைத்தே எழுதுவார்.

4. திடீர் அழுத்தம் வந்தவருக்கு ஆஸ்பத்திரியில் முதல் தடவை இரண்டு மாத்திரையை, அதாவது 500 மில்லி கிராமை, ஒன்றாகக் கொடுப்பதுண்டு. பிறகு சில மணிக்கு ஒரு தடவை கொடுப்பதும் உண்டு. அது டாக்டர் பக்கத்தில் இருந்து, அழுத்தத்தை அளந்து பார்த்துக் கொடுப்பது. “ஆஸ்பத்திரியில ரெண்டு சேர்த்துத்தானே கொடுத்தாங்க” என்று அந்தக் கணக்கை வீட்டுக்கு எடுத்து வராதீர்கள்.

5. மெல்லக் கரையும் வகை மாத்திரையும் கேப்சூலும் உண்டு. இவை நெடுநேரம் வேலை செய்யும். இவற்றை உடைக்கவோ, மெல்லவோ, பொடி செய்யவோ கூடாது. சாதாரண மாத்திரைக்குப் பதில் இதைக் கடையில் கொடுத்தால் அதே எண்ணிக்கையில் சாப்பிடக் கூடாது. டாக்டரைக் கேளுங்கள்.

6. குழந்தைகளுக்கு எடை பார்த்து, கண் டாக்டர் மட்டுமே அளவு சொல்ல வேண்டும். பெரியவர் மாத்திரையைப் பிட்டுக் கொடுக்கும் வேலை கூடவே கூடாது. கைக்குழந்தையின் கருவிழி பெரிதாகத் தெரிந்தாலோ, வெளிச்சத்தைக் கண்டு கண் கூசி நீர் வடிந்தாலோ உடனே கண் டாக்டரிடம் காட்டுங்கள். பிறவியிலேயே வரும் கண் நீர் அழுத்தமாக இருக்கலாம். நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்தவர்களின் குழந்தைகளுக்கு இது கூடுதலாக வருகிறது.

கூடப் போட்டால் கூடக் கேட்காதா?

கேட்காது. இதுதான் இப்பிரசுரத்தின் முக்கியமான பாடம். சாவி போட்டுப் பூட்டிய கதவை இன்னும் நாலு தடவை பூட்டினால் கதவு இன்னும் கெட்டியாகப் பூட்டிக்கொள்ளாது. நொதியைக் கட்டுவதற்கு வேண்டிய மருந்து உடம்பில் சேர்ந்த பிறகு, மேற்கொண்டு போடுவதால் கண் அழுத்தம் மேலும் இறங்குவதில்லை. ஒரு கிராமுக்கு மேல் போனால் பொதுவாகக் கூடுதல் பலன் கிடையாது. கூடுவது கேடு மட்டுமே.

ஏனென்றால் அதே நொதி சிறுநீரகத்திலும் இருக்கிறது. மாத்திரை அங்கேயும் போய் நொதியைக் கட்டுகிறது. அதனால் ரத்தத்தைச் சமநிலையில் வைத்திருக்கும் கார உப்பு சிறுநீரோடு போகிறது, ரத்தத்தில் அமிலம் கூடுகிறது. பொட்டாசியம் என்ற உப்பும் வெளியேறுகிறது. அது குறைந்தால் தசை தளரும், இதயத் துடிப்பும் தடுமாறும்.

இன்னொன்று. இந்த மருந்து உடம்பில் சிதைவதில்லை. உள்ளே போனது அப்படியே சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் நேற்றுப் போட்டது முழுக்கப் போவதற்குள் இன்றைக்குப் போட்டது சேரும். வயதானவர்களுக்குச் சரியான அளவே அதிக அளவாகிவிடுவது இப்படித்தான்.

யார் சாப்பிடக் கூடாது?

கீழ்க்கண்டவர்கள் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அவர் வேண்டாம் என்பார், அல்லது அளவைக் குறைப்பார்.

1. சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள். முன்பு எந்த மாத்திரையாவது சாப்பிட்டு உடம்பெல்லாம் தடித்து, வாய் வெந்து போயிருந்தால் மறக்காமல் சொல்லுங்கள்.

2. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், சிறுநீரகத்தில் கல் வந்தவர்கள்.

3. கல்லீரல் சுருங்கியவர்கள். இவர்களுக்கு இம்மருந்து மூளையைக் குழப்பி மயக்கத்தில் தள்ளிவிடக்கூடும்.

4. ரத்தத்தில் சோடியமோ பொட்டாசியமோ குறைந்தவர்கள்.

5. கடுமையான மூச்சிரைப்பு, நுரையீரல் நோய் உள்ளவர்கள்.

6. கர்ப்பிணிகள், கர்ப்பத்தை எதிர்பார்ப்பவர்கள், தாய்ப்பால் கொடுப்பவர்கள். முதல் மூன்று மாதத்தில் இதைத் தவிர்ப்பதே வழக்கம். நாள் தள்ளிப் போயிருந்தால் மாத்திரை வாங்கும் முன்பே சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

கூடவே ஓடும் மருந்துகள்

கண் டாக்டரிடம் போகும்போது பிஸ்கட் டப்பாவையே எடுத்துக்கொண்டு போங்கள். “பிரஷர் மாத்திரை ஒண்ணு, வெள்ளையா இருக்கும்” என்று சொன்னால் அவருக்கு விளங்காது.

பிரஷருக்கும் கால் வீக்கத்துக்கும் கொடுக்கும் நீர் மாத்திரை பலவும் பொட்டாசியத்தை வெளியேற்றும். இரண்டும் சேர்ந்தால் இரட்டை இழப்பு. இதயத்துக்கு டிகாக்சின் சாப்பிடுபவருக்குப் பொட்டாசியம் குறைவது பேராபத்து. வலிப்புக்கு பெனிட்டாயின், மனநோய்க்கு லித்தியம், சர்க்கரைக்கு மெட்பார்மின் சாப்பிடுபவர்களும் சொல்ல வேண்டும்.

ஆஸ்பிரின் அதிக அளவில் சேர்ந்தால் இம்மருந்தோடு சேர்ந்து விஷமாக முடியும். தலைவலி என்று பெட்டிக்கடையில் மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். பலவற்றில் ஆஸ்பிரின் கலந்திருக்கும். இதயத்துக்காக டாக்டர் எழுதிய சிறு அளவு ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். சாப்பிடுவதைச் சொன்னால் போதும். வாயுக்கு என்று சோடா உப்பைக் கரைத்துக் குடிக்கும் பழக்கம் இருந்தால் விடுங்கள். அதனால் சிறுநீரகத்தில் கல் சேர வாய்ப்பு கூடும்.

ஒரே மருந்து இரண்டு பெயரில் வருவதையும் கவனியுங்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டை ஒன்று, கடையில் வாங்கிய அட்டை ஒன்று, பெயர் வேறு என்பதால் இரண்டையும் சாப்பிட்டு அளவு இரட்டிப்பானால் என்ன ஆகும்? அட்டையின் பின்னால் சிறு எழுத்தில் உள்ள மருந்துப் பெயரைப் பள்ளிக்கூடப் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். டார்சோலமைடு, பிரின்சோலமைடு என்ற சொட்டு மருந்துகளும் இதே குடும்பம். அவை ஓடினால் அதையும் சொல்லுங்கள்.

எது சகஜம்? எது ஆபத்து?

சகஜமானவை: விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் ஊசி குத்துவது போலிருக்கும். அடிக்கடி சிறுநீர் வரும். வாய் ருசி மாறும், கோலி சோடா குடித்தால் சப்பென்று இருக்கும். பசி கொஞ்சம் குறையும், அலுப்பு இருக்கும். இவற்றுக்குப் பயந்து நிறுத்த வேண்டாம். அடுத்த முறை டாக்டரிடம் சொல்லுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் வயிற்றுக் குமட்டல் குறையும்.

ஆபத்தானவை: கீழ்க்கண்டவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த மாத்திரை போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

1. உடம்பில் தடிப்பு, கொப்புளம், வாய்ப்புண், தோல் உரிதல்.
2. காரணமில்லாத காய்ச்சல், தொண்டைப் புண், ஈறில் ரத்தம், தோலில் நீலம் பாய்தல்.
3. மூச்சு வேகமாகவும் ஆழமாகவும் வாங்குதல்.
4. கால் துவண்டு நிற்க முடியாமை, தசைப் பிடிப்பு, நெஞ்சு படபடப்பு.
5. தூங்கி வழிதல், பேச்சில் குழப்பம், ஆள் அடையாளம் தெரியாமை.
6. விலாவிலிருந்து அடிவயிறு வரை சுருட்டிப் பிடிக்கும் வலி, சிறுநீரில் ரத்தம், சிறுநீர் குறைதல்.

ஐந்தாவதை மறுபடியும் படியுங்கள். பெரியவர் ஒருவர் புதிதாகத் தடுமாறினால் “வயசாச்சு” என்று விடாதீர்கள். என்ன மாத்திரை, எத்தனை போட்டார் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். வாகனம் இல்லையென்றால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கேள்வியும் பதிலும்

கேள்வி: ஒரு வேளை மறந்துவிட்டால்?
பதில்: நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிட வேண்டியதுதான். இரண்டைச் சேர்த்துப் போடக் கூடாது.

கேள்வி: வலி போய்விட்டது. மாத்திரையை நிறுத்தலாமா?
பதில்: டாக்டர் சொன்ன நாள் வரை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அழுத்தம் திரும்ப ஏறும். சொன்ன நாளுக்கு மேல் தொடரவும் கூடாது.

கேள்வி: மாத்திரையிலேயே ஓட்டிக்கொண்டு போனால் லேசர் தேவையில்லையே?
பதில்: வடிகால் மூடும் வகைக்கு இது மிகத் தவறு. மாத்திரை வலியை மறைக்கும், மூலையோ உள்ளே மூடிக்கொண்டே போகும். லேசரால் கண்ணின் வண்ணத் திரையில் பொட்டளவு துவாரம் போட்டு நீர் போக வழி செய்வார்கள். கத்தி வேண்டாம், பெரும்பாலும் தங்கவும் வேண்டாம், சில நிமிட வேலை. சிலருக்குப் புரை ஆபரேஷனோ வேறு ஆபரேஷனோ தேவைப்படும். மற்றொரு கண்ணுக்கும் அதே ஆபத்து இருப்பதால் அதற்கும் முன்கூட்டியே லேசர் செய்யச் சொல்வார்கள். சம்மதியுங்கள்.

கேள்வி: நெடுநாள் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்களே?
பதில்: சிலருக்கு அப்படி வேண்டியிருக்கும். அவர்கள் டாக்டர் சொல்லும் இடைவெளியில் ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், கிரியேட்டினின், அணுக்களின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: பொட்டாசியத்துக்கு இளநீர், வாழைப்பழம் சாப்பிடலாமா?
பதில்: சிறுநீரகம் நன்றாக உள்ளவர்கள் வழக்கம் போல் சாப்பிடலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அதுவே கெடுதலாகலாம். கேட்டுச் செய்யுங்கள். தண்ணீர் நன்றாகக் குடியுங்கள். இதயத்துக்காகவோ சிறுநீரகத்துக்காகவோ தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் அந்தக் கட்டுப்பாட்டை மீற வேண்டாம்.

கேள்வி: தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறேன். மாத்திரை ஓடுகிறது. போகலாமா?
பதில்: வெயிலில் நடந்து வியர்த்து, சாப்பாடு தண்ணீர் குறைந்தால் உடம்பு சீக்கிரம் வறண்டு மருந்து தேங்கும். புறப்படுவதற்கு முன் டாக்டரைக் கேளுங்கள். வாந்தி, பேதி வந்தாலும், விரதம் இருந்தாலும் இதே எச்சரிக்கை.

கேள்வி: கயிலாய யாத்திரைக்குப் போய் வந்தவர் வீட்டில் இதே மாத்திரை இருக்கிறது. வாங்கிப் போடலாமா?
பதில்: உயர்ந்த மலையில் வரும் நோயைத் தடுக்கவும் இம்மருந்தைக் கொடுப்பதுண்டு. அதன் அளவு வேறு, காரணம் வேறு. மிஞ்சியதை எவரும் எவருக்கும் கொடுக்கக் கூடாது.

கேள்வி: கண் வலிக்கு வீட்டு வைத்தியம் செய்யலாமா?
பதில்: தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு எதையும் கண்ணில் விடாதீர்கள். சீட்டில்லாமல் கடையில் வாங்கும் சொட்டு மருந்தும் வேண்டாம். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தே பலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றிவிடும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. மாத்திரைச் சீட்டில் நான்கு விஷயம் இருக்கிறதா பாருங்கள்: ஒரு வேளைக்கு எத்தனை, நாளைக்கு எத்தனை வேளை, எத்தனை நாள், மறுபடி எப்போது வர வேண்டும். இல்லாவிட்டால் கேட்டு எழுதி வாங்குங்கள்.

2. நாள்காட்டியில் போட்ட வேளைக்கு ஒரு கோடு கிழியுங்கள். மறதிக்காரர் “போட்டேனா இல்லையா” என்று மறுபடி போடுவதை இது தடுக்கும்.

3. கடைசி வேளையை எத்தனை மணிக்குப் போடுவது என்று கேளுங்கள். இரவில் அடிக்கடி எழுந்து போகும் பெரியவர்கள் இருட்டில் நிலைப்படி தடுக்கி விழுவார்கள்.

4. வெளியூரில் இருக்கும் மகனோ மகளோ போனில் “கண் வலி எப்படி?” என்று கேட்பதோடு நிறுத்தாமல், “இன்னிக்கு எத்தனை மாத்திரை? டாக்டர் எப்ப வரச் சொன்னார்?” என்றும் கேளுங்கள். அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பழைய சீட்டை வைத்து மொத்தமாக வாங்கி அனுப்பாதீர்கள்.

5. குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

6. 40 வயதானவர்கள் கண்ணாடிக்கு மட்டும் பார்த்துக்கொண்டு வராமல், கண் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். குடும்பத்தில் எவருக்காவது இந்நோய் இருந்தால் உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

எங்கே போவது? சந்தேகம் வந்தால் கிராம சுகாதார செவிலியரிடமும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கேளுங்கள். 104 என்ற எண்ணிலும் மருத்துவ ஆலோசனை கேட்கலாம். விளக்கைச் சுற்றி வளையம், கடும் கண்வலி, வாந்தி என்று வந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். திருப்பத்தூர், காரைக்குடி அரசு மருத்துவமனைக்கோ, சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, மதுரைக்கோ உடனே போங்கள். இந்நோயில் ஒவ்வொரு மணி நேரமும் பார்வையின் கணக்கில் கழிகிறது.

நினைவில் வையுங்கள்

சீட்டில் உள்ளதே உங்கள் அளவு.
நாளைக்கு நான்கு மாத்திரை, அதாவது ஒரு கிராம், வழக்கமான மேல் எல்லை. அதற்கு மேல் பலன் இல்லை, கேடு உண்டு.
வலி போனது நோய் போனதாகாது.
மாத்திரை சத்திரம், லேசரும் தொடர் சிகிச்சையுமே வீடு. சத்திரத்தில் தங்கிவிடாமல் வீடு போய்ச் சேருங்கள்.

படித்து முடித்ததும் எழுந்து போய் அந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்து பாருங்கள். பிறகு இப்பிரசுரத்தைப் பக்கத்து வீட்டு ஆச்சிக்கும் படித்துக் காட்டுங்கள்.